மரச்சட்டமா? மருந்தாளுநரா?



மருந்துக்கடையில் நம்மைக் காப்பது சட்டமா, ஆளா? எதிரணித் தலைவர் 'சட்டம், சட்டம்'னு மேசையைத் தட்டினார். நான் இல்லேன்னு சொல்லலை ஐயா! பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாதுன்னு 1948-லேயே பார்மசி சட்டம் சொல்லிடுச்சு. ஆனா சில கடைகளில் சட்டம் எங்கே இருக்கு? சுவரிலே... மரச்சட்டமா மாட்டியிருக்கு! (சிரிப்பு) உள்ளே சான்றிதழ் இருக்கு. சான்றிதழுக்கு உரியவர்? வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கார். சான்றிதழ் மட்டும் மாச வாடகைக்கு இங்கே! (கைதட்டல்)

இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். சோதனைக்கு வருகிறவர் பிரிட்ஜ் இருக்கான்னு பார்ப்பார். இருக்கு. ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயினை அணைக்கக் கூடாதுன்னு யாருக்குத் தெரியும்? படிச்ச ஆளுக்குத்தான் தெரியும்.

மூட்டு வலின்னு என் மாமனார் மாத்திரை கேட்டார். கடையில் இருந்த பெண், "ஐயா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டது. "ஆமாம்மா." "அப்ப இது வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம். டாக்டரைப் பாருங்க." அந்த ஒரு கேள்விக்கு எந்த பில்லிலும் விலை போடலை!

அமெரிக்காவில் லோசெக் என்ற வயிற்றுப்புண் மருந்துக்கு 1990-ல் பேரையே மாத்தினாங்க. ஏன்? லேசிக்ஸ் என்ற நீர் பிரியும் மருந்தோடு குழப்பம்! படிச்சவங்களே தடுமாறின இடத்தில், நேத்து வேலைக்குச் சேர்ந்த பையன் என்ன செய்வான் பாவம்?

நம்ம ஊரு பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரு. இன்றைக்கும் பிரான்சில் மருந்துக்கடை முதலாளியே மருந்தாளுநராக இருக்கணும். இங்கே முதலாளி யாராகவும் இருக்கலாம். "அதுவும் சட்டம்தானே?" என்பார் எதிரணித் தலைவர். ஆமாம் ஐயா! ஆனா அந்தச் சட்டம் எதைக் கேட்குது? ஆளைக் கேட்குது! (பலத்த கைதட்டல்)

தாய்மார்களே, கத்தரிக்காய் வாங்கும்போது நூறு கேள்வி கேட்கிறீங்க. மருந்து வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மருந்தாளுநர் இருக்காரா?" நாம கேட்டால்தான் முதலாளி அவரை வேலைக்கு வைப்பார், முறையாச் சம்பளமும் கொடுப்பார்.

மாட்டி வைத்த சான்றிதழ் பேசாது, எதிரே நிற்கும் மருந்தாளுநரே நம்மைக் காப்பார் என்று கூறி அமர்கிறேன்.