பச்சை உடம்பும் மனமும்



பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். பத்தியம், பூண்டு, வெந்நீர்க் குளியல் என அவள் உடம்பைப் பேண நம்மிடம் எத்தனையோ சொற்கள் உண்டு. மனம் சோர்ந்து அழுதாலோ, 'காற்றுப் பட்டது' என்கிறோம். எழாமல் கிடந்தால் 'சோம்பேறி' என்கிறோம்.

பேற்றுக்குப் பின் சில நாள் தோன்றும் கலக்கம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். அதற்கு மேலும் அழுகையும் நாட்டமின்மையும் தன்னைத்தானே பழிப்பதும் நீடித்தால், அது மகப்பேற்று மனச்சோர்வு என்னும் நோய். அவள் குற்றமன்று.

திகாம் பத்துவைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இந்நோய் இருந்திருக்கும். ஆயினும் லயத்தில் பிள்ளையை வாங்கிக்கொள்ள அடுத்த வீட்டுக் கை இருந்தது. சுங்கைப் பட்டாணி அடுக்குமாடியிலோ, கணவர் வேலைக்குச் சென்றபின் தாயும் சேயும் தனித்திருக்கின்றனர். 2023 சனவரி முதல் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது நன்று. துணையில்லாத விடுப்பு மட்டும் மருந்தாகாது.

1987இல் வெளியான எடின்பரோ வினாநிரல் பத்தே கேள்விகளில் இந்நோயின் அறிகுறிகளைக் காட்டும். தமிழிலும் அது உண்டு. ஆற்றுப்படுத்தலாலும், தேவையெனின் மருத்துவர் தரும் மருந்தாலும் பெண்கள் மீள்கின்றனர். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் உள. சாவைப் பற்றிப் பேசினாலோ, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

பிள்ளை பார்க்கப் போகும் நாம், 'பிள்ளை யார் சாயல்?' என்பதற்கு முன், 'நீ உறங்கினாயா, அம்மா?' என்று கேட்போம். விடை வரும்வரை அமர்ந்திருப்போம். பிள்ளையை நாம் ஏந்திக்கொள்ள, அவள் சற்று உறங்கட்டும்.