மைதானமும் மண்மேடும்

கோலார் தங்கவயலில் கால்பந்து ஆடியவர்களுக்கு ஆட்ட விதிகளோடு மற்றொரு பாடமும் கைவந்திருக்கும். அது காற்றின் திசை. ஆடி மாதத்து மேல்காற்று எழுந்துவிட்டால், மைதானத்தின் எந்தப் பாதியில் நின்றால் கண்ணில் தூசி விழும், எந்தப் பாதியில் விழாது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். நாணயத்தைச் சுண்டி வென்ற அணித்தலைவர் முதல் உதையைக் கேட்கமாட்டார், பக்கத்தைக் கேட்பார். சுரங்கங்கள் இயங்கிக்கொண்டிருந்த 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இக்காட்சியை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். பந்து உயர எழும்பும். அதன் பின்னே வெண்சாம்பல் நிறத்தில் ஒரு படலமும் எழும்பும். கோல்கீப்பர் இரண்டில் எதைப் பார்ப்பது என்று தயங்குவதற்குள் ஆட்டத்தின் கணக்கு மாறிவிடும். அந்தப் படலம் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளிலிருந்து வருவது.

நேயர்களே, தொழில்முறைக் கால்பந்துக் கழகங்கள் சுற்றுச்சூழலைப் பேணுவதற்குச் செய்துவரும் முயற்சிகளைக் குறித்து இன்று சில சொல்ல வந்திருக்கிறோம். இங்கிலாந்து, ஹாலந்து முதலிய நாடுகளில் பெரும்பொருட் செலவில் நடைபெறும் காரியங்கள் அவை. அவற்றைக் கூறப் புகுமுன் தங்கவயலின் தூசியைக் கூறியதற்குக் காரணம் உண்டு. விளையாட்டுக்கும், அது நடக்கும் மண்ணுக்கும், ஆடுபவன் இழுக்கும் காற்றுக்கும் உள்ள உறவை அறிக்கைகளில் படித்து அல்ல, மூச்சு வாங்கியே அறிந்தவர்கள் அவ்வூர் மக்கள்.

எமது தொழில் மொழிபெயர்ப்பு. மத்திய அரசின் அறிக்கைகளையும் சுற்றறிக்கைகளையும் தமிழாக்குவதில் எமது நாட்கள் கழிகின்றன. அண்மைக் காலத்தில் எம்மை மிகவும் அலைக்கழித்த சொல் 'சஸ்டெயினபிலிட்டி' என்பது. நீடித்த தன்மை என்று எழுதினோம்; நிலைபேறு என்று எழுதினோம்; இரண்டையும் அடித்துவிட்டு வளங்குன்றாமை என்று எழுதினோம். அந்த மூன்றாவது சொல்லை எழுதிய அன்று எமக்குத் தங்கவயல்தான் நினைவுக்கு வந்தது. வளம் குன்றியபின் ஓர் ஊர் என்னவாகும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல அகராதியால் இயலாது.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலை முறையாகத் தொடங்கினர். வடார்க்காட்டுப் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர், அவருள்ளும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள், குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறினர். 1894-இல் மாரிக்குப்பம் வரை ரயில் வந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. நம் நாட்டின் பெருநகரங்கள் பல மண்ணெண்ணெய் விளக்கில் இருந்த காலம் அது. பெத்தமங்கலத்தில் பாலாற்று நீரைத் தேக்கிக் குழாய்வழிக் கொண்டுவந்தனர். ஆங்கிலேய அதிகாரிகள் தமக்கெனக் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் அமைத்துக்கொண்டனர். கால்பந்தோ, ஒரு பந்தும் ஒரு வெட்டவெளியும் இருந்தாற் போதும் என்னும் ஆட்டமாதலின், 'லைன்' எனப்பட்ட கம்பெனிக் குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளரின் ஆட்டமாயிற்று. மாலையில் ஷிப்டு முடிந்து மேலே வந்தவர்கள் கீழே காணாத வானத்தை அந்த வெட்டவெளியில்தான் கண்டார்கள். சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது என்பதை நினைவிற்கொண்டால் இது வெறும் அலங்கார வார்த்தை ஆகாது.

இனி மேடுகளைப் பற்றி. ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் கிடைக்கும் தங்கம் சில கிராம் அளவே. மாவாக அரைத்த பாறையைச் சயனைடு கரைசலில் இட்டால் தங்கம் கரைந்து பிரிகிறது. எஞ்சிய தூள் முழுவதும் வெளியே கொட்டப்படுகிறது. நூற்றிருபது ஆண்டுகளில் தங்கவயல் தந்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்பர். மேடுகளாகக் கிடக்கும் தூளின் அளவோ 3 கோடியே 30 லட்சம் டன். தங்கம் எங்கெங்கோ போய்விட்டது. தூள் ஊரிலேயே தங்கிவிட்டது. சயனைடு என்னும் பெயர்தான் அச்சம் தருகிறது. உண்மையில் வெயில் படப்பட அதன் பெரும்பகுதி சிதைந்துபோகும். சிதையாமல் நிற்பது சிலிக்கா என்னும் மணற்கூறு. சுரங்கத் தொழிலாளரிடையே அது விளைத்த சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயைக் குறித்து 1940-களில் ஓர் ஆய்வு நடைபெற்றது. சோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஐந்தில் இருவருக்குக் குறையாமல் அந்நோய் இருக்கக் கண்டனர். மைதானத்தில் ஆடும் பிள்ளைக்கும் அதே கேடு நேரும் என்று நாம் கூறவில்லை. ஆண்டுக்கணக்கில் பூமிக்கடியில் பாறைத்தூளைச் சுவாசித்தவர் நிலை வேறு. ஆயினும் ஓடுகிற ஒருவன், உட்கார்ந்திருப்பவனைப் போலப் பன்மடங்கு காற்றை உள்ளிழுக்கிறான் என்பதை மறந்துவிடலாகாது. ஊரில் அதிகமாக மூச்சு வாங்குபவன் அந்த விளையாட்டுக்காரனே.

இப்பொழுது இங்கிலாந்துக்குச் செல்வோம். குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் நெயில்ஸ்வொர்த் என்று ஒரு சிற்றூர். குன்றின் மேல் ஒரு கால்பந்துக் கழகம். அதன் பெயர் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ். 2010-ஆம் ஆண்டில் காற்றாலை மின்சாரம் விற்கும் தொழிலதிபர் டேல் வின்ஸ் என்பவர் அதைத் தம் பொறுப்பில் ஏற்றார். அவர் செய்த மாறுதல்கள் முதலில் நகைப்புக்கு இடமாயின. புல்தரையில் இரசாயன உரமும் பூச்சிமருந்தும் நிறுத்தப்பட்டன. மழைநீர் சேகரிக்கப்பட்டு மீண்டும் புல்லுக்கே பாய்ந்தது. கூரையில் சூரிய மின்பலகைகள் ஏறின. 2015 முதல் கழகத்தில் ஆட்டக்காரருக்கும் பார்வையாளருக்கும் இறைச்சியும் பாலும் இல்லாத உணவே கிடைத்தது. இங்கிலாந்துக்காரரிடம் ஆட்டத்தின் இடைவேளையில் இறைச்சிப் பணியாரத்தைப் பறிப்பது எத்தகைய துணிச்சல் என்பதை, நம் ஊர்த் திருவிழாவில் முறுக்குக் கடையை மூடச் சொன்னால் என்னாகும் என்று எண்ணிப் பார்த்து நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 2018-இல் ஐக்கிய நாடுகள் சபையின் காலநிலை அமைப்பு அக்கழகத்தைக் கரிமச் சமநிலை எய்தியதாக ஏற்றுச் சான்றளித்தது.

2022-இல் அது மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்தது. அடுத்த ஆண்டே இறங்கியது. 2024-இல் மேலும் இறங்கி லீக்கை விட்டே வெளியேறியது. இதைக் கண்டு கைகொட்டியவர்கள் உண்டு. புல்லுக்கு மருந்து தெளிக்காததால் கோல் விழவில்லை என்று சொல்வது போன்ற வாதம் அது. பசுமைக்கும் வெற்றிக்கும் முடிச்சுப் போடுவது இரு திசையிலும் தவறு.

ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரின் யோகான் கிராய்ஃப் அரங்கில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சூரிய மின்பலகைகள் கூரையில் உள்ளன. 2018 முதல், மின்கார்களுக்காகச் செய்யப்பட்ட பாட்டரிகளை அடுக்கி மின்சாரத்தைச் சேமித்துவைக்கிறார்கள். இவை பாராட்டத்தக்கனவே. ஆயினும் ஒரு கால்பந்து ஆட்டத்தால் விளையும் புகையின் பெரும்பங்கு அரங்கின் விளக்கிலிருந்தோ புல் வெட்டும் இயந்திரத்திலிருந்தோ வருவதில்லை. பார்வையாளர் காரிலும் விமானத்திலும் வந்துபோவதே அதற்கு முதற்காரணம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், தங்கவயலின் பழைய ஆட்டங்களுக்கு யாரேனும் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். அங்கே லைன்களிலிருந்து நடந்து வந்தார்கள், நடந்தே திரும்பினார்கள். கண்டோன்மென்ட் பக்கத்து அணி வந்தால் ரயிலில் வந்தது. எவரும் அதைச் சுற்றுச்சூழல் பணி என்று அழைக்கவில்லை; காசு இல்லாமை என்று அழைத்தார்கள்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்றிலிருந்து ஆட்டக்காரனும் பார்வையாளனும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறார்கள். மாலை ஆட்டத்துக்கு ஆள் குறைந்தது. மேடுகள் மட்டும் குறையவில்லை.

அவர்கள் பகலெல்லாம் உழைக்கும் அந்தப் பெங்களூரில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. அது கால்பந்தில் அன்று, கிரிக்கெட்டில் என்பதில் எமக்குச் சிறிது வருத்தம். சின்னசாமி அரங்கின் கூரையில் 2015-இல் சூரிய மின்பலகைகள் அமைக்கப்பெற்றன. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நகரம் குடிநீருக்குத் தவித்தபோது, அரங்கின் புல்தரைக்குச் சுத்திகரித்த கழிவுநீர் தரப்பட்டது. அதே பெங்களூரின் கழிவுநீர், சுத்திகரிக்கப்பட்டு, 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு ஏற்றப்படுகிறது என்பது நேயர்களில் சிலர் அறிந்ததே. இரண்டு நிலைச் சுத்திகரிப்புப் போதாது, மூன்றாம் நிலையும் வேண்டும் என்று அம்மாவட்ட உழவர் எழுப்பிய வாதம் நியாயமானதென்றே எமக்குத் தோன்றுகிறது. ஆனால் புல் வளர்ப்பதற்கு அவ்வளவு வேண்டுவதில்லை. நகரத்து அரங்கின் புல்லுக்கு ஏற்ற நீர், தங்கவயலில் மைதானத்துப் புல்லுக்கும், மேட்டைப் போர்த்தும் புல்லுக்கும் ஏற்காது போகுமா? அதில் ஒரு சிறு பங்கைக் கேட்பது பேராசை ஆகாது.

புல் என்றவுடன் செயற்கைப் புல்லை விரித்துவிடலாமே என்று சொல்லக்கூடியவர் உண்டு. இன்று நம் சிற்றூர்களிலும் 'டர்ஃப்' என்ற பெயரில் மணிக்கணக்குக்கு வாடகை விடும் பச்சைக் கம்பளங்கள் பெருகிவிட்டன. அவற்றின் அடியில் தூவப்படும் ரப்பர்த் துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலப்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்து, மாறிக்கொள்ள எட்டு ஆண்டு தவணையும் கொடுத்துவிட்டது. ஏற்கெனவே ஒருவகைத் தூளால் அவதிப்படும் ஊருக்கு இன்னொரு வகைத் தூளை விலைகொடுத்து வாங்கித்தர வேண்டியதில்லை.

தங்கவயலுக்கு உண்மையான இணை இங்கிலாந்திலும் இல்லை, ஹாலந்திலும் இல்லை, தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் நகரும் தங்கத்தால் எழுந்து, சயனைடு முறையால் மேடுகள் சூழப்பெற்ற நகரம். 2010-இல் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்த சாக்கர் சிட்டி அரங்கம் அத்தகைய சுரங்க நிலத்தை ஒட்டியே நிற்கிறது. கைசர் சீஃப்ஸ் என்னும் புகழ்பெற்ற கழகத்தின் ஆட்டங்கள் அங்கே நடைபெறுகின்றன. அந்நாட்டினர் சென்ற நூற்றாண்டிலேயே மேடுகளின் மேல் புல் நட்டுத் தூசியைப் பிடித்து நிறுத்த முனைந்தனர். 1970-களின் பிற்பகுதியிலிருந்து மேடுகளை மீண்டும் கரைத்து எஞ்சிய தங்கத்தை எடுத்துவருகின்றனர். உச்சியில் திறந்தவெளிச் சினிமா நடந்த ஒரு மேடு இவ்வாறு முழுவதும் கரைக்கப்பட்டு மறைந்தே போயிற்று. தூசித் தொல்லை அங்கே அடியோடு தீர்ந்துவிடவில்லை. எனினும் புல் உள்ள மேட்டுக்கும் இல்லாத மேட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அங்குள்ளோர் கண்ணால் அறிவர்.

இதை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம், தங்கவயலிலும் அதே காரியம் நெருங்கிவிட்டது. 2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை, 13 மேடுகளையும் மீண்டும் பதப்படுத்தித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு இசைவு தந்தது. அம்மேடுகள் பரந்துகிடப்பது 1,003 ஏக்கர். ஊருக்கு வேலை வரும் என்னும் நம்பிக்கை மக்களிடையே இருக்கிறது. வரட்டும், நாமும் அதையே விரும்புகிறோம். ஆனால் ஆண்டுக்கணக்கில் மழையாலும் வெயிலாலும் மேலே ஓரளவு இறுகிக்கிடக்கும் மேட்டை வெட்டித் திறந்தால் முதலில் எழுவது தங்கம் அன்று, தூசி. வெட்டும் முகத்தை ஈரமாக வைத்திருப்பது, ஆடிக் காற்றில் வேலையைக் குறைப்பது, வெட்டாத மேட்டில் முன்னதாகவே புல் நடுவது, மைதானத்தின் மேற்குப் பக்கம் மரவரிசை வளர்ப்பது ஆகிய நான்கும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. நான்காவதை மட்டும் நாளைக்கே தொடங்கலாம். வேம்பும் புங்கும் அந்த மண்ணுக்குப் புதியன அல்ல.

ஐரோப்பியக் கழகங்கள் தம் பசுமைப் பணிக்கு இயக்குநர்களையும் விளம்பரதாரர்களையும் வைத்துக்கொண்டிருக்கின்றன. தங்கவயலின் அணிகளுக்கு அத்தகையோர் எவரும் இலர். சீருடைக்கே சந்தா பிரிப்பவர்கள். ஆகவே அவர்கள் பக்கத்தில் பேச வேண்டியது ஒப்பந்தப் பத்திரம்தான். மேடுகளை எடுப்பவர் எவராயினும், அவர் கையொப்பமிடும் நிபந்தனைகளில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கொடுக்கும் பாதுகாப்பு எல்லையை விளையாட்டு மைதானத்துக்கும் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரம் தமிழாக்கத்துக்காக எமது மேசைக்கு வருமானால், தங்கம் எத்தனை கிலோ என்று பார்க்குமுன், மைதானம் என்னும் சொல் அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் தேடுவோம்.