ரஃப் தாளைக் கிழிக்காதீர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலாண்டு டிராயிங் ஹால் ஞாபகம் இருக்கிறதா? அழித்த தடம் கொஞ்சம் தெரிந்தாலும், "கிளீனா போட்டுட்டு வாப்பா" என்று ஷீட் திரும்பி வரும்.

இரண்டு வருடம் முன்பு வேலை விஷயமாக லண்டன் போனபோது, அங்குள்ள யுனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியின் வரைபடங்களைப் பார்த்தேன். 1787 முதல் 1794 வரை ரோமில் தங்கியிருந்தவர். அங்கே ஹோமரின் இலியட், ஒடிசி கதைகளுக்குப் படம் வரைந்தார். டொம்மாசோ பிரோலி என்பவர் அவற்றைச் செப்புத்தகட்டில் செதுக்க, 1793-இல் அச்சாயின. அச்சுப்படத்தில் பெரும்பாலும் நிழலே கிடையாது. அக்கிலீஸ் ஆனாலும் அத்தீனா ஆனாலும் வெறும் வெளிக்கோடுதான். நம்ம எலிவேஷன் மாதிரி!

ஆனால் அதற்கு முந்தைய வரைபடத்தில் மைக்கோட்டுக்கு அடியில் பென்சில் தடங்கள். கை இங்கேயா, அங்கேயா என்று தேடியிருக்கிறார். நிழல் போட்டு மறைக்க முடியாதே. கோடு பிசகினால் உருவமே பிசகிவிடும். இன்னொரு சங்கடம், தகட்டில் இருப்பது தாளில் இடவலம் மாறி விழும். படத்தைத் திருப்பிப் போட்டுச் செதுக்காவிட்டால் வீரன் இடக்கையால் ஈட்டி எறிவான்! பரீட்சை பாஷையில் சொன்னால், அச்சில் விடை மட்டும். ஸ்டெப்ஸ் எல்லாம் பென்சில் தாளில்.

அப்போது எனக்கு என் தொழிற்சாலைதான் ஞாபகம் வந்தது. பழைய டிராயிங் ஒன்றில் ஒரு பிராக்கெட்டின் உள்மூலையில் 6 மி.மீ. வளைவு இருந்தது. காரணம் எழுதவில்லை. வரைந்த பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய ரஃப் நோட்டுகள் இடத்தை அடைக்கிறது என்று பழைய பேப்பர்காரரிடம் போடச் சொன்னவன் நான்தான். வளைவை 2 மி.மீ. ஆக்கினேன். நான்கே மாதத்தில் அந்த மூலையில் விரிசல். யாருக்கும் அடிபடாதது என் அதிர்ஷ்டம்.

பெரியவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "நானும் முதல்ல ரெண்டுதான் தம்பி போட்டேன். விரிசல் வந்துச்சு. நோட்டுல எழுதி வெச்சிருந்தேனே, பாக்கலையா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது எங்கள் பிரிவில் இறுதி டிராயிங்கோடு ரஃபும் சேர்ந்தே ஃபைலுக்குப் போகிறது.

இங்கே வந்திருக்கும் முதலாண்டு தம்பி தங்கைகளே, ஷீட்டைக் கிளீனாகவே கொடுங்கள், மார்க் முக்கியம். ஆனால் ரஃப் தாளைக் கிழித்துவிடாதீர்கள்.