பெயர் சொல்லும் இடத்துக்கு வரும் கதை



கொழும்பிலிருந்து அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரி நோக்கிச் செல்லும் பெருவீதியில், ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில் அமைந்திருக்கிறது எஹலியகொட. 1912 ஆம் ஆண்டில் இரத்தினபுரியை எட்டிய களனிப் பள்ளத்தாக்குச் சிறு புகைவண்டி இவ்வூரின் ஊடாகவே ஓடிற்று. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பாதை 1970 களில் மூடப்பட்டது. வண்டி போயிற்று, மழை மட்டும் போகவில்லை. சுற்றிலும் றப்பர்த் தோட்டங்கள். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரத்தின் பட்டை நனைந்துவிடும். வெட்டினாலும் பால் சிரட்டையில் சேராது, மழைநீரோடு வழிந்து வீணாகும். ஆதலின் அன்று பால் வெட்டு இல்லை. கூலி இல்லாத அக்காலைப் பொழுதில் லயத்து இஸ்தோப்பில் எஞ்சியிருப்பது பேச்சு ஒன்றுதான்.

அத்தகைய ஒரு காலையை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். கொழும்பில் வேலை பார்க்கும் பேத்தி ஒருத்தி போயா விடுமுறைக்கு வீடு வந்திருக்கிறாள். அவள் கையில் தடித்த ஆங்கில நாவல் ஒன்று. இரவெல்லாம் கண்விழித்துப் படித்தவள், அதைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்ற நிலையில் இருக்கிறாள். எழுத்தறியாத பாட்டியே அகப்படுகிறாள்.

"அம்மாயி, இந்தக் கதையில வர்றவன் தொடக்கத்துலேயே செத்துப்போயிட்டான்."

"செத்தவனுக்கு ஏதுடி கதை?"

"செத்த பொறகுதான் கதையே தொடங்குது. தன்னைக் கொன்னது யாருன்னு அவனுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஏழு ராத்திரி தவணை குடுத்திருக்காங்க."

பாட்டி வெற்றிலைப் பையை ஒருபுறம் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருகிறாள். "தவணை குடுத்தது யாரு? எமனா?"

"இல்லை அம்மாயி, ஒரு கந்தோரு. வரிசையில நிக்கணும், பாரம் நிரப்பணும், இந்தச் சன்னல் இல்லை அந்தச் சன்னலுக்குப் போன்னு வெரட்டுவாங்க."

பாட்டி வாய்விட்டுச் சிரிக்கிறாள். "அப்போ அது நம்ம ஊருதான்!"

ஆம், நேயர்களே, பாட்டி சொன்னதில் தவறில்லை. அது நம் நாடேதான். 'த செவன் மூன்ஸ் ஒப் மாலி அல்மெய்தா', அதாவது 'மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்' என்னும் அந்நாவலை இயற்றியவர் ஷெஹான் கருணாதிலக்க. 1975 ஆம் ஆண்டில் காலியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்தவர். கிரிக்கெட் ஆட்டத்தைக் கருவாகக்கொண்ட 'சைனாமன்' என்னும் முதல் நாவலால் முன்னரே பெயர் பெற்றிருந்தார். இரண்டாம் நாவல் முதலில் 2020 இல் இந்தியாவில் 'சட்ஸ் வித் த டெட்', அதாவது 'இறந்தோருடன் உரையாடல்' என்ற பெயரோடு வெளிவந்தது. பின்னர் திருத்தியமைக்கப்பட்டு 2022 இல் புதிய பெயருடன் இங்கிலாந்தில் வெளியாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 17 ஆம் நாள் இலண்டனில் அதற்குப் புக்கர் பரிசு வழங்கப்பட்டது. 1992 இல் மைக்கல் ஒண்டாச்சி பெற்றதன்பின் இலங்கையிற் பிறந்த எழுத்தாளர் ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. 2022 எத்தகைய ஆண்டு என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுதும் வரிசையில் நின்ற ஆண்டு அது.

கதை நிகழ்வது 1990 ஆம் ஆண்டுக் கொழும்பில். மாலி ஒரு புகைப்படக்காரன். தந்தை சிங்களவர், தாயோ பறங்கியரும் தமிழரும் கலந்த குடியில் வந்தவர். போர் நடந்த இடங்களுக்கெல்லாம் சென்று, படம்பிடிக்கக்கூடாத படங்களையெல்லாம் பிடித்தவன். 1983 ஜூலை வன்செயலின்போது எடுத்த படங்களும் அவற்றுள் அடக்கம். அப்படங்கள் ஒரு கட்டிலின் அடியில் பெட்டியில் கிடக்கின்றன. அவனுடைய உடலோ பேரை வாவியில் எறியப்பட்டுவிட்டது. ஏழு இரவுகளுக்குள், உயிரோடிருக்கும் நண்பர் இருவருக்கு அப்பெட்டி இருக்கும் இடத்தை அவன் உணர்த்தியாக வேண்டும். அவ்விருவரில் ஒருவன், தமிழ் அமைச்சர் ஒருவரின் மகன். மாலியின் உள்ளத்துக்கு இனியவன். ஆடவனை ஆடவன் நேசிப்பதை வெளியிற் சொல்ல முடியாத காலத்தில், அந்த அன்பின் ஏக்கத்தையும் அச்சத்தையும் ஆசிரியர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கொலையாளி யார் என்பதை இங்கே வெளியிடுவது, விருந்துக்கு அழைத்தவர் வாயிலிலேயே உணவைத் தட்டிவிடுவது போலாகும். ஆகவே அது நிற்க.

இந்நாவலின் நகரம் உயிரோடிருப்போருக்கு மட்டும் உரியதன்று. பேருந்து நிறுத்தத்திலும் மரக்கிளையிலும் கூரை முகட்டிலும் ஆவிகள் குந்தியிருக்கின்றன. காணாமலாக்கப்பட்ட தெற்கத்திய இளைஞர், வடக்கில் சுடப்பட்ட ஆசிரியை, தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டோர், இறந்துபோன சிறுத்தையொன்று எனப் பலவும் அங்கே உலவுகின்றன. உயிரோடிருந்தபோது ஒருவரையொருவர் பகைத்த இனத்தாரும் கட்சியாரும் இறந்தபின் ஒரே வரிசையில் நிற்கின்றனர். எல்லோருடைய குறையும் ஒன்றே: தம்மை யார் கொன்றார் என்று எவரும் கேட்கவில்லை.

இது வெறும் மாயக்கதை என்று கருதுவோர் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். மாலியைப் படைக்கும்போது ஆசிரியர் மனத்தில் இருந்தவர்களுள் ஒருவர் றிச்சர்ட் டி சொய்சா என்னும் பத்திரிகையாளர். தந்தை சிங்களவர், தாய் தமிழர். 1990 பெப்ரவரியில் வீட்டிலிருந்து கடத்திச் செல்லப்பட்ட அவருடைய உடல் பின்னர் கரையொதுங்கிற்று. மகனை இழந்த அன்னை மருத்துவர் மனோராணி சரவணமுத்து, தம்மைப்போல் மக்களை இழந்த தெற்கத்திய அன்னையரோடு அன்னையர் முன்னணியில் சேர்ந்து நின்றார். நாவலில் ஆவிகளுக்கு வழிகாட்டும் ராணி ஸ்ரீதரன் என்னும் விரிவுரையாளர், 'முறிந்த பனை' நூலாசிரியர்களுள் ஒருவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளருமான மருத்துவர் ராஜினி திராணகமவை நினைவூட்டுபவர். அவர் 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார்.

சப்பிரகமுவ மண்ணுக்கும் இவை அந்நியமல்ல. எஹலியகொட அமைந்திருக்கும் அதே இரத்தினபுரி மாவட்டத்தில், எம்பிலிப்பிட்டியவில், 1989, 1990 ஆம் ஆண்டுகளில் பாடசாலை மாணவர் பலர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற் போயினர். அவ்வழக்கில் 1999 ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டவர்களுள் பாடசாலை அதிபர் ஒருவரும் இருந்தார் என்பது கல்வியுலகம் மறக்கக்கூடாத செய்தி. அதற்கும் முன்னர், 1977 இலும் 1981 இலும் 1983 இலும் இம்மாவட்டத்துத் தோட்டங்களில் தமிழர் தாக்கப்பட்டு, லயங்கள் எரிக்கப்பட்டு, எத்தனையோ குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போய்ச் சேர்ந்தன. சிங்கள இளைஞரை இழந்த வீடும் தமிழ்க் குடும்பங்கள் வெளியேறிய லயமும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. இரண்டு துயரையும் ஒரே நூலில் வைத்து ஒரே கண்ணால் பார்ப்பவர் அரியர். அந்த அரிய செயலை இந்நாவல் செய்கிறது. அதனாலேயே இது பேசப்பட வேண்டும்.

நகரில் பூதம் உலாவுவது தமிழ் இலக்கியத்துக்குப் புதியதா என்றால், இல்லை. சிலப்பதிகாரம் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் நாற்சந்தியில் ஒரு பூதம் காவல் நின்றது. பொய்ச்சான்று கூறுவோரையும் கடமை தவறிய அமைச்சரையும் பிடித்து உண்பது அதன் தொழில். அதே நகரில் பாவை மன்றம் என்று ஓரிடம் இருந்தது. அரசு நெறி தவறினாலும் நீதி கோணினாலும் அங்கிருந்த பாவை வாய்திறந்து பேசாது, கண்ணீர் மட்டும் சொரியும். மணிமேகலையிலோ நகர்ப்புறத்துச் சுடுகாடு ஒரு தனி உலகமாகவே விரிகிறது. பிற்காலத்தில் புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் கதையில் கடவுளையே சென்னை பிராட்வே முனைக்கு வரவழைத்துக் காப்பி குடிக்கவைத்தார். தோட்டத்து மக்களோ விக்கிரமாதித்தன் கதையில் மரத்தில் தொங்கும் வேதாளத்தோடு பரம்பரையாகவே பழகியவர்கள். எழுத்தறிந்த ஒருவர் விளக்கொளியில் பெரிய எழுத்துப் புத்தகத்தை இராகம்போட்டு வாசிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பது லயத்து வழக்கம். ஆகவே கொழும்பு நாவலின் ஆவிகள் எஹலியகொடைக்கு வந்தால் முகவரி கேட்க வேண்டியிராது. கட்டிலடியில் கிடக்கும் மாலியின் படங்கள் அந்தப் பாவையின் கண்ணீரேயன்றி வேறென்ன?

நூலில் குறைகளும் உண்டு. ஆசிரியர் மாலியையே 'நீ' என்று விளித்துக் கதை சொல்லும் முறை, முதல் ஐம்பது பக்கங்களில் தலையைச் சுற்றவைக்கும். பாத்திரங்களின் கூட்டம் தேர்த்திருவிழாக் கூட்டம். கொடுமைகள் கூசாமல் சொல்லப்படுகின்றன, வசைமொழிகளும் மிகுதி. சிறுவர் கையிற் கொடுக்கத்தக்க நூலன்று. வளர்ந்தோர் படித்து, வயதறிந்து எடுத்துச் சொல்லத்தக்க நூல். ஆயினும் கசப்பான மருந்தில் தேனைக் குழைப்பதுபோல் ஆசிரியர் நகைச்சுவையைக் குழைத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டுபவர், தம் கண் நனைந்திருப்பதைப் பின்னரே அறிவார்.

பரிசு பெற்ற இரவில் ஆசிரியர் ஆற்றிய உரையில் இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. ஊழலும் இனப்பகை மூட்டுதலும் பயன் தரவில்லை என்பதை உணர்ந்துகொண்ட இலங்கையில் தம் நூல் படிக்கப்பட வேண்டும். அப்போது அது புத்தகக் கடையில் பறவைநாகக் கதைகளோடு மாயக்கதை வரிசையில் வைக்கப்பட வேண்டும். மெய்யான நடப்பென்றோ அரசியல் அங்கதமென்றோ எவரும் மயங்காதிருக்க வேண்டும் என்று விரும்பினார். தம் நூலை வெறும் கற்பனையென உலகம் கருதும் நாள் வரட்டும் என ஓர் எழுத்தாளரே வேண்டுவது எவ்வளவு பெரிய ஆசை! இரண்டாவதாக, அவர் அம்மேடையில் சிங்களத்திலும் தமிழிலும் நாட்டு மக்களை விளித்து, இந்நூல்களைத் தாம் அவர்களுக்காகவே எழுதுவதாகவும், இக்கதைகளைத் தொடர்ந்து பகிர்ந்துகொள்வோம் என்றும் கூறினார்.

பகிர்வது எங்ஙனம்? இதற்கும் அந்நாவலிலேயே விடை இருக்கிறது. ஆவிகள் நினைத்த இடத்துக்கெல்லாம் போகமுடியாது. தம் உடல் சென்ற இடத்துக்குப் போகலாம். தம் பெயரை எவரேனும் உச்சரிக்கும் இடத்துக்கும் காற்றேறிப் போகலாம். நூலுக்கும் அதுவே விதி. ஆயிரம் படிகள் அச்சிட்டு அலுமாரியில் அடுக்கினாலும், பெயர் சொல்ல ஆளில்லாத நூல் அடுக்கிய இடத்திலேயே கிடக்கும். ஒருவர் உளம் பொங்கி மற்றொருவரிடம் சொன்னால், அது பெருவீதி தாண்டி, தோட்டத்து ஒற்றையடிப் பாதை ஏறி, லயத்து வாசலில் வந்து நிற்கும்.

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒருநாள் வேலை முழுதும் கணக்கில் ஏறினால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் தேருநர் பட்டியலிலிருந்தே பெயர் இழந்த மக்கள் அவர்கள். அப்பெயரை மீட்கப் பத்தாண்டுகள் பலவாகப் பாரம் நிரப்பி, சன்னல் சன்னலாக நின்றவர்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்த வரிசை முற்றும் கலையவில்லை. பெயர் உச்சரிக்கப்படுவதன் அருமையை அவர்களைவிட அறிந்தவர் யார்?

மீண்டும் அந்த இஸ்தோப்புக்குச் செல்வோம். மழை விட்டிருக்கிறது. பேத்தி இரண்டு இரவுகளின் கதையைச் சொல்லி முடித்திருக்கிறாள், மூன்றாவது தொடங்கவில்லை. பாட்டி வெகுநேரம் பேசாதிருக்கிறாள். பிறகு, எண்பத்து மூன்றில் பக்கத்து லயத்திலிருந்து புறப்பட்டுப்போய்த் திரும்பிவராத ஒருவனின் பெயரை மெல்லச் சொல்கிறாள். பேத்தி அப்பெயரை அதற்குமுன் கேட்டதில்லை.

"அது யாரு அம்மாயி?"

"ஒன் கதை முடியட்டும். பொறகு நான் சொல்றேன். நீ மிச்சத்தைச் சொல்லு."

ஒரு நல்ல நூல் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.