ஏட்டை விட்டிறங்கிய சித்திரக் கதை



சென்ற ஆண்டு ஒரு நாள், பத்தாந் தர மாணவன் ஒருவன் மேசைக்குக் கீழே கைத்தொலைபேசியை மறைத்து வைத்து எதையோ பார்த்துக் கொண்டிருந்தான். பாடசாலைக்குள் அது விதிக்கு மாறானது. ஆதலால் அதனை வாங்கிக்கொண்டேன். திரை இன்னும் அணையவில்லை. நான் எதிர்பார்த்த விளையாட்டு எதுவும் அதில் இல்லை. கொரிய நாட்டுச் சித்திரக் கதை ஒன்று இருந்தது. விரலால் மேலே தள்ளத் தள்ளப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓர் அத்தியாயம் முடியும்வரை நானும் நின்று வாசித்துவிட்டேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்போது என் இளமை நினைவுக்கு வந்தது. சிவகாசியில் 1972 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸ் இதழொன்றைப் பூமிசாத்திரப் புத்தகத்துள் வைத்து வாசித்த குற்றத்துக்காக, அதனை ஆசிரியர் ஒருவரிடம் பறிகொடுத்தவன் நான். பறித்தவர் அதைத் திருப்பித் தரவேயில்லை. தாள் திரையாயிற்று, மறைத்து வாசிக்கும் ஆவல் மட்டும் மாறவில்லை. ஆனால் மாறியவையும் உண்டு. அவற்றைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

சித்திரக் கதை பத்திரிகையின் மடியில் வளர்ந்த பிள்ளை. 1895 ஆம் ஆண்டு முதல் நியூயோர்க் நகரப் பத்திரிகையொன்றில் றிச்சட் அவுட்கோல்ட் வரைந்த மஞ்சள் அங்கிச் சிறுவன், பத்திரிகை விற்பனைக்கே துணை நின்றான். ஆயினும் வளர்த்த வீடே சிறையுமாயிற்று. இடத்தை அளந்து கொடுப்பவர் பத்திரிகாசிரியர். ஓவியர் அந்த அளவுக்குள் அடங்கவேண்டும். ‘கல்வின் அண்ட் ஹொப்ஸ்’ என்னும் புகழ்பெற்ற தொடரை வரைந்த பில் வோட்டர்சன், ஞாயிறு இதழ்களில் தம் படங்கள் வெட்டப்படாத அரைப் பக்கம் வேண்டுமென்று 1992 ஆம் ஆண்டில் வற்புறுத்திப் பெற்றார். அத்துணைப் புகழ் வாய்ந்தவரே அரைப் பக்கத்துக்காகப் போராட நேர்ந்ததென்றால், பெயரறியா இளைஞனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இணையம் வந்ததும் இந்தக் கதவு திறந்தது. 1993 ஆம் ஆண்டிலேயே டேவிட் ஃபார்லி என்பவரின் ‘டொக்டர் ஃபன்’ உலகளாவிய வலையில் வெளிவரத் தொடங்கியது. அச்சகம் வேண்டியதில்லை; பத்திரிகாசிரியரின் அனுமதியும் வேண்டியதில்லை. கணனித் திரையை ஒரு பக்கமாகக் கருதாது, எல்லையற்ற துணியொன்றைப் பார்க்கும் சாளரமாகக் கருதலாமென்று ஸ்கொட் மக்கிளவுட் என்னும் ஓவியர் 2000 ஆம் ஆண்டில் தம் நூலொன்றில் எழுதினார்.

இந்த எண்ணம் பெருந்தொழிலாக மலர்ந்த இடம் தென் கொரியா. 1997 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் அங்கே அச்சுச் சித்திரக் கதைத் தொழில் நலிந்தது. 2003 இல் டௌம், 2004 இல் நேவர் ஆகிய இணைய நிறுவனங்கள் சித்திரக் கதைகளை இலவசமாக வெளியிடத் தொடங்கின. காங் புல் என்பவர் பக்கங்களையும் கட்டங்களையும் மறந்து, மேலிருந்து கீழாக ஓடும் நெடுங்கதையாகத் தம் காதற்கதையை 2003 இல் வரைந்தார். இரு படங்களுக்கிடையே விடப்படும் வெற்றிடமே இங்கு காலத்தைக் காட்டும் கருவி. இடைவெளி நீண்டால் மௌனம் நீளும். குறுகினால் வேகம் கூடும். பின்னர் கைத்தொலைபேசி பரவியபோது, இந்த வடிவம் அதற்கென்றே பிறந்தது போலப் பொருந்திற்று. யூன் தே ஹோ 2012 இல் தொடங்கிய ‘மிசெங்’, ஓர் அலுவலகத்துச் சிற்றூழியனின் துயரைச் சொல்லும் கதை. அது நூலாகிப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றது. 2014 இல் தொலைக்காட்சி நாடகமுமாயிற்று. திரைக்குப் போன கதை தாளுக்கும் திரும்பி வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இலவசமென்றால் ஓவியர் உண்பது எப்படி? விளம்பரம் ஒரு வழி. அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே வாசிக்க விரும்புவோரிடம் சிறு தொகை பெறுவது மற்றொரு வழி. வாசகரே நேரில் கை கொடுத்ததும் உண்டு. ரிச் பேர்லூ என்ற அமெரிக்க ஓவியர் தம் இணையக் கதையை மீண்டும் அச்சிட உதவி வேண்டியபோது, 2012 இல் பன்னிரண்டு இலட்சம் டொலருக்கு மேல் திரண்டது.

ஆயினும் நேயர்களே, இந்த ஒளிக்கும் நிழலுண்டு. பழைய சிறையின் சுவர் தாளின் அளவு; புதிய சிறையின் சுவர் நாட்காட்டி. கொரியத் தொடர்களில் வாரந்தோறும் பல பத்துப் படங்களை, அதுவும் வண்ணத்தில், தரவேண்டியிருக்கிறது. ‘சோலோ லெவலிங்’ என்னும் உலகறிந்த தொடரின் ஓவியர் ஜாங் சொங் ராக், 2022 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மூளைக் குருதிப் பெருக்கினால் தமது 37 ஆவது வயதில் மறைந்தார். அவருக்கு முன்னரே நோய் இருந்தது. எனினும் அவர் மறைவின் பின், ஓவியர்களின் ஓய்வற்ற உழைப்பைப் பற்றிய பேச்சு அந்நாட்டில் உரத்து எழுந்தது.

இன்னுமொன்று. நான் பறிகொடுத்த இதழின் வேறொரு பிரதி எங்கேனும் ஒரு பரண்மேல் இன்றும் இருக்கக்கூடும். இணையத்தளம் ஒன்று மூடப்படின், அதிலிருந்த கதைக்குப் பரணுமில்லை.

மாலையில் அந்த மாணவனை அழைத்துக் கைத்தொலைபேசியைத் தந்தையிடம் ஒப்படைப்பதாகக் கூறினேன். பின்பு, “தம்பி, இந்தக் கதையை வரைந்தவர் யார்?” என்று வினவினேன். “தெரியாது சேர்” என்றான். நூறு அத்தியாயத்துக்கு மேல் வாசித்தவன்! “பெயரை அறிந்துகொண்டு வா, அடுத்த கதையை நாமிருவரும் பேசுவோம்” என்றேன். மறுநாள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான்.

பிள்ளைகள் திரையில் வாசிப்பதை நாம் முற்றாகத் தடுத்துவிட முடியாது. ஆனால் எந்தப் படத்தின் பின்னும் ஒரு கை உழைக்கின்றது என்பதை அவர்களுக்கு அறிவிக்க முடியும். எனக்கு என் ஆசிரியர் திருப்பித் தராத இதழுக்கு, நான் செலுத்தக்கூடிய பதில் அதுவே.