வாயைக் கழுவச் சொல்லாதீர்கள்



இன்று செப்டம்பர் 10, உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். தலைப்பை நோட்டீசில் பார்த்துவிட்டு, "இதையெல்லாமா மேடையில பேசுவாங்க?" என்று சிலர் கேட்டார்களாம். 2022இல் மட்டும் இந்தியா 1,70,924 பேரை இப்படி இழந்தது என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மேடையில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

அவர்களில் பலர் முன்பே ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருப்பார்கள். "நான் இல்லேன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி." "இனிமே யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்." உடனே நாம் என்ன செய்கிறோம்? "வாயைக் கழுவு! நல்ல வார்த்தையே வராதா?" என்று அதட்டுகிறோம். பாசத்தில்தான் அதட்டுகிறோம். ஆனால் அவர் அடுத்த முறை சொல்ல மாட்டார்.

சொல்லாமல் காட்டுபவர்களும் உண்டு. தூக்கம் கெடும். குடி கூடும். தினமும் டீக்கடைக்கு வந்தவர் வர மாட்டார். ஆசையாய் வைத்திருந்த வாட்சை "நீயே வச்சுக்கோ" என்று கழற்றிக் கொடுப்பார். பத்திரம் எங்கே, நகைச்சீட்டு எங்கே என்று மனைவியிடம் திடீரென்று காட்டுவார். பத்திரத்தைக் காட்டுகிறவரையெல்லாம் சந்தேகப்பட்டால் குடும்பம் நடத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். வேலை போன பிறகோ, பரீட்சை முடிவு வந்த வாரத்திலோ, கடன்காரர் வாசலில் நின்று சத்தம் போட்ட பிறகோ இவை சேர்ந்து வந்தால் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இதில் நம்மை ஏமாற்றுவது ஒன்று உண்டு. மாதக்கணக்கில் இடிந்து கிடந்தவர் ஒருநாள் காரணமே இல்லாமல் தெளிந்துவிடுவார். "அப்பாடா" என்று வீட்டார் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். அது குணமாகவும் இருக்கலாம். முடிவெடுத்துவிட்டதால் வந்த அமைதியாகவும் இருக்கலாம். அந்த நாட்களில் பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆமாம் என்றால் அதிர வேண்டாம். "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா?" என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். பேச விடுங்கள். தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருட்களைக் கைக்கெட்டாமல் எடுத்துவையுங்கள். டாக்டரிடம் நீங்களே கூட்டிப்போங்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸாயிடும்" என்று மறைப்பவர்களுக்கு ஒன்று: 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை.

எல்லோரும் போனை எடுங்கள். 14416, டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் உதவி எண்ணான 104-ஐயும் பதிந்துகொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் மனநல மருத்துவர் மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் இருப்பார். தனியாகப் பேச விரும்புகிறவர்கள் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.