தனித்தொகுதியும் நம் வாக்கும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கரிவலம்வந்தநல்லூர் அடங்கியுள்ள தென்காசி நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். “தென்காசி தனித்தொகுதி, ஆகவே அது நம்முடைய தொகுதி” என்று நம்மவர் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்வதுண்டு. அந்தச் சொல்லில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் தொகுதியின் அமைப்பைக் காண்போம். 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த எல்லை வரையறையின்படி இராசபாளையம், திருவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும். முதலிரண்டும் விருதுநகர் மாவட்டத்தவை. ஏனைய நான்கும் 2019இல் பிறந்த தென்காசி மாவட்டத்தவை. திருவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் ஆகிய மூன்றும் சட்டமன்றத்திற்கும் தனித்தொகுதிகளே. இராசபாளையத்தின் நூற்பாலைகள், சங்கரன்கோவிலின் விசைத்தறியும் பூச்சந்தையும், புளியங்குடியின் எலுமிச்சை, மலையடிவாரத்து நெல்வயல் என உழைப்பால் உயிர்வாழும் பகுதி இது. 2024இல் வாக்காளர் தொகை ஏறத்தாழ 15 லட்சமாக இருந்தது.

இவ்வாக்காளர் யாவர்? தேவேந்திரகுல வேளாளர், பறையர், அருந்ததியர் ஆகிய நம் மக்கள், மறவர், நாடார், கோனார், நாயக்கர், முதலியார், செட்டியார் முதலானோர், கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளில் பெருவாரியாக வாழும் இசுலாமியர், கிறித்தவர். இவர்களுள் எந்த ஒரு பிரிவும் தன் வாக்குகளை மட்டும் கொண்டு வெற்றிபெற இயலாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பட்டியல் இனத்தவர் நூற்றுக்கு 20 பேர். அந்த விகிதம் இத்தொகுதியில் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும், வாக்குரிமையில் நாம் சிறுபான்மையே என்பதை மறத்தலாகாது.

அப்படியாயின் ‘தனி’ என்ற சொல்லின் பொருள் யாது? வேட்பாளர் நம்மவராக இருத்தல் வேண்டும் என்பது ஒன்றே அதன் பொருள். தேர்ந்தெடுப்போர் அனைத்துச் சாதியினரும் ஆவர். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, நம் மக்கள் மட்டுமே வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தெரிவுசெய்யும் தனி வாக்குரிமையையும், அத்துடன் பொதுத் தொகுதியில் மற்றொரு வாக்கையும் வழங்கிற்று. அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் வட்டமேசை மாநாடுகளில் வாதாடியதன் பயன் அது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பிருக்க, அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாகாணச் சட்டமன்றங்களில் நமக்குரிய இடங்கள் 71இலிருந்து 148ஆக உயர்ந்தன. தனி வாக்குரிமையோ போயிற்று. இடம் பெருகிற்று, அவ்விடத்தில் யார் அமர்வது என்று முடிவு செய்யும் ஆற்றல் பொதுவாயிற்று. இன்றைய தனித்தொகுதி அந்த ஒப்பந்தத்தின் வழிவந்ததே.

அதன் விளைவை நம் தொகுதியிலேயே காணலாம். திரு. மு. அருணாசலம் அவர்கள் 1977 முதல் 1996 வரை தொடர்ந்து ஆறு முறை வென்று, மத்திய அமைச்சராகவும் விளங்கினார். முதல் ஐந்து முறை காங்கிரஸ், ஆறாம் முறை தமிழ் மாநில காங்கிரஸ் என அவர் பெற்ற வெற்றிகள் யாவும் பெருங்கட்சிகளின் துணையோடு பெற்றவை. மறுபுறம், நம் மக்களின் உரிமைக்கெனக் கட்சி கண்ட டாக்டர் க. கிருஷ்ணசாமி அவர்கள் 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இரண்டாம் இடமே பெற முடிந்தது. 2024இல் அவர் ஓர் அணியிலும் திரு. ஜான் பாண்டியன் அவர்கள் மற்றோர் அணியிலும் நிற்க, மூன்றாம் அணியின் வேட்பாளர் டாக்டர் ராணி ஸ்ரீகுமார் அவர்கள் வென்றார். எந்தக் கட்சியையும் போற்றவோ தூற்றவோ இதனைக் கூறவில்லை. நம்மிடையே யார் செல்வாக்குடையவர் என்பது இத்தொகுதியின் வெற்றியை முடிவு செய்வதில்லை. அணிகளின் வலிமையே அதனை முடிவு செய்கிறது.

இங்கு ஒரு வினா எழுகிறது. நாடாளுமன்றத் தனித்தொகுதியை ஊரார் அமைதியாக ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் ஊராட்சித் தலைவர் பதவி நமக்கு ஒதுக்கப்பட்டபோது பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை முறையான தேர்தல் நடத்த முடியவில்லை. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் உடன் வந்தோரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். ஏன் இந்த வேறுபாடு? டெல்லி நாற்காலி கண்ணுக்கு எட்டாதது. ஊராட்சி நாற்காலியோ நாள்தோறும் எதிரே தெரிவது. எந்த நாற்காலி சாதி ஆணவத்தைச் சுடுகிறதோ, அந்த நாற்காலியில்தான் மெய்யான அதிகாரம் இருக்கிறது என்று உணருங்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்குக் காட்டும் ஊக்கத்தை ஊராட்சித் தேர்தலுக்கும் காட்டுங்கள்.

எனில், நாடாளுமன்ற உறுப்பினரால் நமக்குப் பயனே இல்லையா? உண்டு, கேட்டால் உண்டு. ஒவ்வோர் உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டுக்கென ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கீடு உண்டு. அதில் நூற்றுக்கு 15 பங்கேனும் பட்டியல் இன மக்கள் வாழும் பகுதிகளுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. கணக்கிட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 75 லட்சம் ரூபாய். இவ்விதி பொதுத்தொகுதி உறுப்பினருக்கும் உண்டு. ஆகவே அவர் நம்மவரா, பிறரா என்பதைவிட, நாம் விண்ணப்பம் கொடுத்தோமா என்பதே முதன்மையான கேள்வி. படிப்பகம், குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கு வகுப்பறை என நம் தெருவின் தேவையைத் தெளிவாக எழுதி, உறுப்பினரிடம் கொடுத்து, நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை நினைவூட்டுங்கள். கற்ற இளைஞர் பத்துப்பேர் சேர்ந்தால் இது முடியாத காரியமன்று.

மற்றொன்று, வாக்காளர் பட்டியல். முன்பு ஜனவரி முதல் நாள் ஒன்றே தகுதி நாளாக இருந்தது. இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாட்களும் தகுதி நாட்களே. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே ஆறாம் எண் படிவம் அளிக்கலாம். திருப்பூருக்கும் கேரளத்திற்கும் பிழைக்கச் செல்லும் நம் மக்களின் பெயர்களே எளிதில் விடுபடுகின்றன. 2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம், படிவம் கொடுக்காதவர் பெயர் பட்டியலில் நில்லாது என்பதை எல்லோருக்கும் உணர்த்திற்று. நம் கழக இளைஞர்கள் ஆண்டுதோறும் வீடு வீடாகச் சென்று பட்டியலைச் சரிபார்ப்பதை ஒரு கடமையாக மேற்கொள்ள வேண்டுகிறேன்.

நாடாளுமன்ற, சட்டமன்ற இட ஒதுக்கீடு நிலையான சொத்தன்று. தொடக்கத்தில் பத்தாண்டுகளுக்கென வகுக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, இப்போது 2030 ஜனவரி வரை உள்ளது. தொகுதி எல்லை திருத்தப்படும்போது தென்காசி பொதுத்தொகுதியாக மாறினும் மாறலாம். அன்று நம் கையில் எஞ்சுவது எது? கல்வி, ஒற்றுமை, பட்டியலில் பெயர், கேட்கும் துணிவு. தேவேந்திரர், பறையர், அருந்ததியர் என நமக்குள் நாமே பிரிந்து நின்றால் பிறர் அணியில் எண்ணிக்கையாகவே இருப்போம். கலந்து பேசிக் கோரிக்கை வைத்தால், எந்த அணியினரும் நம் வாயிலில் நின்று பதில் சொல்லியே தீர வேண்டும்.

தொகுதியைச் சட்டம் ஒதுக்கித் தந்தது. அதனை நம்முடையதாக்கும் வேலை நம்மைச் சேர்ந்தது. அவ்வேலைக்கு இவ்வெள்ளி விழா ஒரு தொடக்கமாகட்டும்.